ஒயர் இல்லாத மைக்குக்கும் ஒரு பாதை வேண்டும்

காணும் பொங்கலன்று அலங்காநல்லூரில் காளை கண்ணில் படுவதற்கு முன்பே வர்ணனையாளரின் குரல் காதில் விழுந்துவிடும். எந்த ஊர்க் காளை, யாருடைய காளை, பிடித்தால் என்ன பரிசு என்று காலையில் தொடங்கும் அந்தக் குரல் பொழுது சாயும் வரை ஓயாது. மதுரைக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள இந்த ஊரில் அன்று எவ்வளவு கூட்டம் கூடினாலும் குரல் அறுபடுவதில்லை. காரணம் எளிது. வர்ணனையாளர் ஓரிடத்தில் நிற்கிறார். அவர் கையிலுள்ள மைக்கிலிருந்து ஒரு ஒயர் நேராக ஆம்ப்ளிபையருக்குப் போகிறது. நடுவில் யாரும் குறுக்கிட வழியில்லை.

இதே வட்டாரத்தில் கோயில் பொங்கலுக்கும் முளைப்பாரிக்கும் நடக்கும் மெல்லிசைக் கச்சேரியின் கதை வேறு. பாடுபவர் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். படியிறங்கிக் கூட்டத்துக்குள் வந்து, முன்வரிசைப் பிள்ளைகளிடம் மைக்கை நீட்ட வேண்டும். காலில் சிக்கும் ஒயரோடு அதெல்லாம் நடக்காது. அதனால் கார்ட்லெஸ் மைக் வந்தது. அதோடு ஒரு புதிய சங்கடமும் வந்தது.

சாயங்காலம் 4 மணிக்கு வெறும் மைதானத்தில் மைக்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். மணியடித்தாற்போலப் பேசுகிறது. கடைசி லைட் கம்பம் வரை நடந்து போய் ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ சொன்னாலும் கேட்கிறது. இரவு 9 மணிக்கு மைதானம் நிரம்புகிறது. இரண்டாவது பாட்டின் சரணத்தில் பாடகி மேடையின் வலது ஓரத்துக்கு வருகிறார். குரல் பாதிச் சொல்லில் அறுந்து, திரும்ப வந்து, மறுபடி அறுகிறது. மைக் செட்காரர் ஓடிவந்து பேட்டரியை மாற்றுகிறார். அதற்குப் பிறகும் அதே கதைதான். “புது செட்டுதானப்பா, சாயங்காலம் நல்லாத்தானே பேசுச்சு?” என்று விழாக் கமிட்டிப் பெரியவர் கேட்கிறார். அவர் கேள்வி நியாயமானது.

விடை இதுதான்: மைக் மாறவில்லை, அது பேசும் காற்று மாறிவிட்டது. கார்ட்லெஸ் மைக் வாங்கும் ஒரு இசைக்குழு உண்மையில் வாங்குவது காற்றில் ஒரு பாதையை. அந்தப் பாதை எங்கே போகிறது, அதில் வேறு யார் யார் போகிறார்கள் என்று தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்தாலும் மேடையில் நிம்மதி இருக்காது.

குரல் அலையில் ஏறும் விதம்

1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கியபோது மேடையில் மைக் கிடையாது. ஐந்து கட்டையில் பாடினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்ற காலம் அது. நாடக நடிகருக்கு முதல் தகுதியே தொண்டைதான். பிறகு மைக் வந்தது, தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் கால்கள் கட்டுப்பட்டன. வசனம் பேசவும் பாடவும் நடிகர் மைக் இருக்கும் இடம் தேடி வந்தாக வேண்டும். இந்தக் கட்டை அவிழ்க்கும் முயற்சி உலகெங்கும் நடந்தது. மேடைக் கலைஞர்களுக்கென்றே ஒயரில்லாத மைக்கை அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1953-இல் ‘வேகபாண்ட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எழுபது ஆண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. மைக்கின் தலைக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. குரல் பட்டதும் அது அதிர்கிறது. அதோடு ஒட்டிய கம்பிச்சுருள் ஒரு காந்தத்தின் இடைவெளியில் ஆடுகிறது, அந்த ஆட்டம் மின்சாரமாகிறது. ஒயர் மைக்கில் இந்த மின்சாரம் அப்படியே கேபிளில் இறங்கிவிடும். கார்ட்லெஸ் மைக்கிலோ கைப்பிடிக்குள் ஒரு குட்டி வானொலி நிலையமே இருக்கிறது. மதுரை வானொலி நிலையம் 103.3 மெகாஹெர்ட்ஸில் பண்பலை ஒலிபரப்பு செய்கிறது அல்லவா? அதே வேலையைத்தான் இந்தக் கைப்பிடியும் செய்கிறது. ரேடியோ அலை ஒன்றை உண்டாக்கி, குரலின் ஏற்ற இறக்கத்தை அதில் ஏற்றி அனுப்புகிறது. மேடை ஓரத்தில் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்து, குரலை மட்டும் பிரித்து மிக்ஸருக்குத் தருகிறது.

வித்தியாசம் வலிமையில்தான். பெரிய வானொலி நிலையங்கள் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்பும். பாடகரின் கையிலுள்ள நிலையத்தின் வலிமை பெரும்பாலும் 10 முதல் 50 மில்லிவாட்டுக்குள். ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு மெலிந்த அலை ரிசீவரை எட்டுவதற்குள் அதைத் தின்னவும் மறைக்கவும் அமுக்கவும் எத்தனையோ காத்திருக்கின்றன.

கூட்டம் என்பது தண்ணீர்

முதலில் வருவது மனித உடம்பு. நம் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ரேடியோ அலைக்குத் தண்ணீர் ஆகாது. அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டு உடம்பு அணுவளவு சூடாகும், அலை அங்கேயே தீர்ந்துவிடும். சாயங்காலம் வெறும் தரையாக இருந்த மைதானத்தில் இரவு ஐயாயிரம் பேர் நின்றால், ரேடியோ அலையைப் பொறுத்தவரை அங்கே ஒரு குளம் வந்து நிற்கிறது. ரிசீவர் கூட்டத்துக்கு நடுவே, மிக்ஸர் மேசையில், இடுப்பு உயரத்தில் இருந்தால் அந்தக் குளத்தைக் கடந்துதான் அலை அதை எட்ட வேண்டும்.

தூரமும் சேர்ந்துகொள்ளும். இடைவெளி இரண்டு மடங்கானால் எட்டும் வலிமை நான்கில் ஒன்றாகும். பாடகரிடமிருந்து 4 மீட்டரில் மேடை ஓரமாக இருக்கும் ரிசீவருக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் 40 மீட்டர் தள்ளியிருக்கும் ரிசீவருக்குக் கிடைக்கும். இது வெட்டவெளிக் கணக்கு. கூட்டம் உறிஞ்சுவது இதற்கு மேல். ஆகவே செலவே இல்லாத முதல் வைத்தியம் இது: மிக்ஸர் எங்கே இருந்தாலும் சரி, ரிசீவரை மேடை ஓரத்தில், தலை உயரத்துக்கு மேலே வையுங்கள். அங்கிருந்து ஒலியை ஒயரில் மிக்ஸருக்குக் கொண்டுபோங்கள். காற்றில் போகும் தூரம் குறைய வேண்டும், ஒயரில் போகும் தூரம் நீண்டாலும் பாதகமில்லை.

உடம்பு என்றதும் கேட்பவர்களின் உடம்பு மட்டும் நினைவுக்கு வந்தால் போதாது. பாடுபவரின் கையும் உடம்புதான். கைமைக்கின் ஆன்டெனா பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில் இருக்கும். சில மாடல்களில் கட்டைவிரல் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் உள்ளேயே மறைந்திருக்கும். அந்த அடிப்பகுதியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் புறப்படும் இடத்திலேயே அலையின் கழுத்தை நெரித்ததாகும். மேலேயும் ஒரு ஆபத்து உண்டு. மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிப்பது இன்று ஒரு ஸ்டைலாகிவிட்டது. வலைத்தலையின் பின்புறம் வழியாகவும் காற்று உள்ளே போனால்தான் மைக் முன்னால் வரும் ஒலியை மட்டும் எடுத்து, பின்னால் வருவதைத் தள்ளும். அதை மூடிவிட்டால் எல்லாத் திசை ஒலியையும் அது எடுக்கும். பாக்ஸிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி பாக்ஸ் வழியே வந்து, மைதானமே காதைப் பொத்தும்படி ஊளையிடும். நடுவில் பிடித்தால் இரண்டு தொல்லையும் இல்லை. இது பாடுபவர்கள் ஒரு நாள் பழகினால் கைவந்துவிடும் பழக்கம்.

அலையின் நீளம் எவ்வளவு?

கடையில் நிற்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, ‘இது எந்த அலைவரிசை?’ என்பதுதான். இன்று கிடைக்கும் செட்டுகளை இரண்டு வகையாகப் பார்க்கலாம். ஒன்று, யு.எச்.எஃப். எனப்படும் வகை. மேடைச் செட்டுகள் இதில் ஏறத்தாழ 470 முதல் 900-க்குச் சற்று மேல் வரையுள்ள மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இன்னொன்று, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வகை.

அலைநீளம் கண்டுபிடிக்க ஒரு சுலபக் கணக்கு உண்டு. 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். 2,400 மெகாஹெர்ட்ஸ் அலை 12.5 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குச் சற்று அதிகம். நீளமான அலை ஒரு மனித உடம்பை ஓரளவு வளைந்து தாண்டும். குட்டை அலை முட்டி நின்றுவிடும், உடம்பும் அதைக் கூடுதலாக உறிஞ்சும். நெரிசலான மைதானத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மைக் தடுமாறுவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நெருக்கடி. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த வலிமைக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று இந்தியாவில் 2005-இல் அறிவிக்கப்பட்டது. உலகில் பெரும்பாலான நாடுகளிலும் அப்படித்தான். அதனால் வைஃபை, புளூடூத், ரிமோட் பொம்மைகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அந்த முழு இடமும் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒன்றோடொன்று உரசாமல் மூன்று வைஃபை சேனல்கள்தான் அதில் நிற்க முடியும். கூட்டத்தில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு வைஃபை கருவி இருக்கிறது. அவற்றில் பல ஹாட்ஸ்பாட்டாக அலறிக்கொண்டும் இருக்கின்றன. பொதுப்பாதையில் யாரும் போகலாம், அதனால் நமக்கென்று வழிவிடச் சொல்லவும் முடியாது.

அதற்காக 2.4 வகையை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. பள்ளி ஆண்டுவிழா, கல்யாண மண்டபம், ஓரிரு மைக், பத்துப் பதினைந்து மீட்டர், நடுவே மறைப்பில்லாத நேர்ப்பார்வை. இவ்வளவுதான் தேவை என்றால் அது சிக்கனமான, நல்ல தேர்வு. திருவிழா மைதானம் அதன் களம் இல்லை.

எழுநூறின் கதை

யு.எச்.எஃப். வாங்கினால் போதும் என்று நிம்மதியாகிவிடவும் முடியாது. அதற்குள்ளும் வழி தெரிந்து போக வேண்டும்.

மைக் நிறுவனங்கள் இந்தப் பகுதிக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. உலகமெங்கும் இது தொலைக்காட்சி ஒளிபரப்புக்கென ஒதுக்கப்பட்ட இடம். ஓர் ஊரில் எல்லாச் சேனல்களும் இருப்பதில்லை. காலியாகக் கிடந்த சேனல்களில் மைக்குகள் ஓரமாக ஒதுங்கிப் பிழைத்தன. பிறகு செல்போன் வந்தது. தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறியதும் மிச்சமான இடத்தை அரசுகள் செல்போன் நிறுவனங்களுக்கு விற்றன. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கிய மைக்குகளை 2010 ஜூன் 12-க்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. 2020 ஜூலையில் 600-களின் பெரும் பகுதியும் அதே வழியில் போனது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஏராளமான செட்டுகள் ஒரே நாளில் சட்டப்படி உதவாதவையாகின.

இந்தியாவில் அந்த அலை 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தோடு வந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் நாடு முழுவதற்குமான 5ஜி அலைக்கற்றையை ஜியோ எடுத்தது. அடுத்த ஆண்டு பி.எஸ்.என்.எல்.-லுக்கும் அதில் இடம் ஒதுக்க மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இந்தப் பகுதியின் அமைப்பை ஒரு மைக் செட்காரர் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. 703 முதல் 748 வரை போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. 758 முதல் 803 வரை டவரிலிருந்து போனுக்கு வரும் பாதை. அதற்கு மேலே 824 முதல் 849, 869 முதல் 894, பிறகு 900 என்று பழைய செல்போன் பாதைகள் வரிசையாக நிற்கின்றன.

மாலைக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே இன்னொரு விதத்தில் விளங்கும். டவரின் அலை சாயங்காலமும் இருக்கும், இரவும் இருக்கும். போனின் அலையோ போன் வந்தால்தான் வரும். பாட்டு களைகட்டியதும் நூற்றுக்கணக்கானோர் போனைத் தூக்கி வீடியோ எடுத்து அனுப்பத் தொடங்குகிறார்கள். ஒரு போன் தேவைப்பட்டால் 200 மில்லிவாட் வரை உமிழும். பாடகி கையிலுள்ள மைக்கோ 10 மில்லிவாட். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் நிற்கும் தம்பியின் போன் ரிசீவருக்கு 3 மீட்டரில் இருக்கிறது, பாடகி 8 மீட்டரில் இருக்கிறார். மைக்கின் எண் 730 என்று இருந்து, அந்தப் போனும் அதே இடத்தில் பேசினால் யார் குரல் ஜெயிக்கும்? பண்பலை ரிசீவரின் இயல்பே வலுத்த அலையைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை விட்டுவிடுவதுதான். அந்தத் தம்பி செய்தது பிழையில்லை, அது அவருடைய போனுக்கு உரிய பாதை. 730-இல் இயங்கும் மைக்தான் இடம் மாறி நிற்கிறது.

அதனால் 700-க்கு மேல் எண் அச்சிட்ட பழைய செட் மலிவாகக் கிடைக்கிறது என்றால், மலிவுக்குக் காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர்கள் வாங்கி வரும் செட்டுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அவை அந்தந்த நாட்டுக் காற்றுக்காகச் செய்யப்பட்டவை.

மதுரை வட்டாரத்துக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அமெரிக்க நகரங்களில் தொலைக்காட்சிச் சேனல்களுக்கு நடுவே சந்து தேடி அலையும் நிலை இங்கே இல்லை. 470-க்கு மேல் 700-க்குக் கீழே காற்று ஒப்பீட்டளவில் அமைதியாகவே இருக்கிறது. ஆனால் காலியாக இருப்பது வேறு, அனுமதி இருப்பது வேறு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் போல யு.எச்.எஃப். முழுவதும் உரிமமின்றித் திறந்துவிடப்படவில்லை. ஒரு மாடலை வாங்குமுன், அந்த அலைவரிசையில் அதற்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கருவி ஒப்புதல் உண்டா, பயன்படுத்த உரிமம் வேண்டுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு காலடியில் காணாமல் போகும் குரல்

மேடையின் வலது ஓரத்தில் மட்டும் ஏன் அறுந்தது? இதற்கும் இயற்பியலில் விடை இருக்கிறது.

மைக்கிலிருந்து கிளம்பும் அலை நேராக ஒரு வழியில் மட்டும் ரிசீவருக்கு வருவதில்லை. லைட் கட்டிய இரும்புச் சட்டத்தில் மோதித் திரும்பி ஒன்று, தகரக் கொட்டகையில் பட்டு ஒன்று, பின்னால் நிற்கும் ஜெனரேட்டர் வண்டியில் பட்டு ஒன்று என்று பல வழிகளில் வருகிறது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் போன்ற பெரிய கட்டடமாக இருந்தால் எதிரொளிப்பு இன்னும் பலமாக இருக்கும். இரண்டு வழிகளில் வரும் அலைகளில் ஒன்றின் மேடும் மற்றதன் மேடும் சேர்ந்தால் வலிமை கூடும். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்தால் இரண்டும் அழிந்துவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் இப்படிப்பட்ட செத்த இடங்கள் கால் மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில்கூட அமையலாம். பாடுபவர் ஒரு காலடி நகர்ந்தால் குரல் போகும், இன்னொரு காலடியில் வந்துவிடும்.

இதற்கான மருந்துதான் இரட்டை ஆன்டெனா. ஓர் ஆன்டெனா இருக்கும் இடம் செத்த இடமாக இருந்தாலும், சற்றுத் தள்ளி இருக்கும் மற்றதும் அதே நேரத்தில் செத்துப்போவது அரிது. நல்ல ரிசீவரில் இரண்டு ஆன்டெனாவுக்கும் தனித்தனி ரேடியோ பகுதி இருக்கும், எதில் சிக்னல் நன்றாக இருக்கிறதோ அதை அது கண நேரத்தில் எடுத்துக்கொள்ளும். இதை ‘ட்ரூ டைவர்சிட்டி’ என்பார்கள். மலிவான சிலவற்றில் இரண்டு கொம்பு இருக்கும், உள்ளே இந்த ஏற்பாடு இருக்காது. கொம்பை எண்ணி ஏமாறாமல் இந்தச் சொல்லைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு இரண்டு கொம்பையும் ‘வி’ எழுத்துப்போல விரித்து வையுங்கள். பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கொம்புகள் பின்னிக்கொண்டு ஆம்ப்ளிபையருக்குப் பின்னால் கிடந்தால் எந்த டைவர்சிட்டியும் உதவாது. எல்.இ.டி. திரையும் அதன் மின்சப்ளையும் ரேடியோ இரைச்சலை உமிழக்கூடியவை. ஆன்டெனாவை அவற்றிலிருந்து எட்ட வையுங்கள்.

மூன்று மைக், ஒரு கூட்டல் கணக்கு

ஒரே ஒரு மைக் நன்றாகப் பேசும். மூன்றாவதை ஆன் செய்ததும் எல்லாம் கெடும். இது மேடைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் புதிர். எண்கள் வேறு வேறுதானே, பிறகு ஏன் மோதுகின்றன?

இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் இயங்கும்போது அவற்றின் அலைகள் மின்னணுப் பகுதிகளில் கலந்து, யாருமே அனுப்பாத புதிய அலைகளைப் பெற்றெடுக்கின்றன. அவற்றில் தொல்லை மிகுந்தது எது என்று காண ஒரு கணக்கு: ஒன்றின் எண்ணை இரட்டித்து, மற்றதன் எண்ணைக் கழிக்க வேண்டும். நம் இசைக்குழு ஒழுங்காக இருக்கட்டும் என்று 600, 601, 602 என மூன்று எண்களை வைத்திருக்கிறது. 601-ஐ இரட்டித்தால் 1,202. அதில் 600-ஐக் கழித்தால் 602. முதல் இரண்டு மைக்கும் சேர்ந்து பெற்ற பிள்ளை மூன்றாவது மைக்கின் மடியிலேயே போய் உட்காருகிறது. சம இடைவெளி கண்ணுக்கு அழகு, காற்றில் அதுவே கேடு.

இப்போது 600.0, 600.4, 601.4 என்று வைத்துப் பாருங்கள். எந்த இரண்டை எடுத்து இரட்டித்துக் கழித்தாலும் விடை மூன்றில் எதன் மேலும் விழாது. மூன்று மைக்குக்கு இதைக் கையாலேயே போட்டுவிடலாம். நான்கு மைக் என்றால் இத்தகைய பிள்ளைகள் 12, எட்டு மைக் என்றால் 56. அதனால்தான் நல்ல நிறுவனங்கள் ஒத்துப்போகும் எண்களைக் கணக்கிட்டு ‘குரூப்’, ‘சேனல்’ என்று முன்கூட்டியே பதித்துத் தருகின்றன. எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வைத்தால் கணக்கு உங்களுக்காகப் போடப்பட்டிருக்கும். நான்கு கம்பெனியில் நான்கு செட் வாங்கிச் சேர்க்கும் குழுவுக்கு இந்த வசதி கிடையாது. கடையில் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி இது: ‘இந்த மாடலில் ஒரே நேரத்தில் எத்தனை மைக் இயங்கும்?’

அனலாக்கா, டிஜிட்டலா?

அனலாக் செட்டில் சிக்னல் மெலியும்போது முதலில் ‘ஷ்ஷ்’ என்று ஓர் இரைச்சல் எட்டிப் பார்க்கும், அது ஒரு முன்னறிவிப்பு. ஆனால் அகன்ற குரலைக் குறுகிய அலையில் ஏற்ற, அனுப்பும்போது அமுக்கி, வாங்கும்போது விரிக்கிறார்கள். மெல்லிய முனகலும் உச்சக் குரலும் மாறி மாறி வரும் பாட்டில் இந்த அமுக்கல் கூர்ந்த காதுக்குத் தெரியும். டிஜிட்டல் செட்டில் அது இல்லை, ஒலி சுத்தமாக இருக்கும், அதே இடத்தில் கூடுதலான மைக்குகளும் அடங்கும். குறை, எச்சரிக்கை தராமல் போவது. வரும்வரை முழுதாக வரும், போனால் அடியோடு போகும்.

டிஜிட்டலில் குரலை எண்ணாக்கித் திரும்பக் குரலாக்கச் சற்று நேரம் பிடிக்கும். மேடைக்கென்று செய்த செட்டுகளில் பெரும்பாலும் இது சில மில்லிசெகண்டுதான். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். 3 மில்லிசெகண்ட் தாமதம் என்பது பாக்ஸ் ஒரு மீட்டர் தள்ளிப்போனதற்குச் சமம், யாருக்கும் தெரியாது. புளூடூத்தில் இயங்கும் விளையாட்டு மைக்குகளில் தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டும். அது 34 மீட்டர் தள்ளி நின்று தன் குரலையே கேட்டுப் பாடுவதுபோல. தாளம் நிற்காது. மேடைக்கு அதை வாங்கவே வேண்டாம்.

எங்கள் ஊர்க் குழு எதை வாங்கலாம்?

நான்கு மைக் தேவைப்படும் ஒரு மெல்லிசைக் குழு, மதுரைச் சமவெளியில் ஊர் ஊராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். என் பரிந்துரை இது.

நான்கும் கார்ட்லெஸ் வேண்டாம். நடந்து பாடும் இருவருக்கு மட்டும் வாங்குங்கள். கோரஸ் பாடுபவருக்கும் அறிவிப்பாளருக்கும் ஒயர் மைக் கொடுங்கள். நான்கு சுமார் செட்டுக்கு ஆகும் பணத்தில் இரண்டு நல்ல செட் வாங்கலாம், காற்றில் நெரிசலும் குறையும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருக்கட்டும். அனுமதி சரியாக உள்ள, 700-க்குக் கீழே இயங்கும், எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள, ட்ரூ டைவர்சிட்டி யு.எச்.எஃப். செட்டாகத் தேடுங்கள். ஒரே எண்ணில் கட்டிப்போட்ட செட்டில் அந்த எண் கெட்டால் மாற்றுவழியே கிடையாது. பணம் இடம் கொடுத்தால் டிஜிட்டல், இல்லையென்றால் நல்ல அனலாக் போதும்.

மைக்கின் தலையையும் கவனியுங்கள். 1966-இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றும் மேடைகளில் நிற்பதற்குக் காரணம், அது அடி தாங்கும், பக்கத்து டிரம்ஸ் ஒலியை அதிகம் வாங்காது. அதே தலை பொருத்திய கார்ட்லெஸ் செட்டுகளும் உண்டு. எந்த நிறுவனமானாலும் உங்கள் பாடகரே கடையில் பாடிப் பார்த்து எடுக்கட்டும்.

பேட்டரியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சார்ஜ் செய்யும் பேட்டரி வைத்திருந்தால் ஒவ்வொரு கச்சேரிக்கும் முழுதாக ஏற்றியதைப் போடுங்கள். சாதாரணப் பேட்டரி என்றால் கச்சேரிக்குக் கச்சேரி புதிது. பாதி தீர்ந்ததை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் பழக்கம்தான் கடைசிப் பாட்டில் காலை வாரும்.

மைதானத்தில் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் மைக்குகளை அணைத்துவிட்டு ரிசீவரில் ‘ஸ்கேன்’ போட்டுக் காலியான எண்ணைக் கண்டுபிடியுங்கள். எல்.இ.டி. திரை, சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எல்லாம் ஓடும் நிலையில் இதைச் செய்யுங்கள். பிறகு எல்லா மைக்கையும் ஒன்றாக ஆன் செய்து, மேடையின் நான்கு மூலைக்கும் பேசிக்கொண்டே நடந்து பாருங்கள். எங்கே அறுகிறதோ அதற்கேற்ப ஆன்டெனாவை நகர்த்துங்கள். கூட்டம் கூடிய பிறகு, முதல் பாட்டுக்கு முன் இன்னொரு முறை ஸ்கேன் போடுங்கள். வெறும் மைதானம் தரும் சான்றிதழ் இரவுக்குச் செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் ஓர் ஒயர் மைக் எப்போதும் உயிரோடு நிற்கட்டும். கார்ட்லெஸ் கைவிட்டால் இரண்டு எட்டில் பாட்டு அங்கே தொடரும்.

விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக் அறுந்தவுடன் மைக் செட்காரரைக் கடிந்துகொள்ளும் முன், அவருக்குச் சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரமாவது கொடுத்தோமா என்று நினைத்துப் பாருங்கள். பந்தல் போட, லைட் கட்ட, தோரணம் தொங்கவிட நேரம் ஒதுக்குகிறோம். கண்ணுக்குத் தெரியாத பாதையைச் சீர்செய்யவும் நேரம் ஒதுக்க வேண்டும். பாடுபவர்களின் உழைப்பு முழுவதும் அந்தப் பாதை வழியாகத்தான் ஊருக்கு வந்து சேர்கிறது.

செட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். பளபளப்பையும் தள்ளுபடியையும் பிறகு பார்க்கலாம். முதலில் பெட்டியைத் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் படியுங்கள்.